பாட்டுக்கு ஆடுதா, அதுபாட்டுக்கு ஆடுதா? வீட்டு கம்ப்யூட்டரில் மியூசிக் விஷுவலைசர் அமைப்பது எப்படி?

லிரிக் வீடியோக்களில் பாடல் வரிகளுக்குக் கீழே வரிசையாகச் சில கோடுகள் துள்ளிக்கொண்டிருக்குமே, பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அந்தக் கோடுகளை மட்டும் கவனியுங்கள். தவில் அடி விழும்போது கோடு எழுகிறதா? பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அடங்குகிறதா? சில வீடியோக்களில் அடங்கும். சிலவற்றில் பாட்டு முடிந்த பிறகும் கோடுகள் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வரைந்து வைத்த அனிமேஷனைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிஜமான விஷுவலைசர் அப்படிச் செய்யாது. ஒலியை வாங்கி, அந்தக் கணத்திலேயே அளந்து, அந்த அளவை வைத்துப் படம் வரையும். இதற்கான மென்பொருள்களில் நல்லவை பலவும் இலவசம். ஆனால் இன்ஸ்டால் செய்து முடித்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: “படம் வருது, ஆனா பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.” பெரும்பாலும் மென்பொருள் மேல் தப்பு இருக்காது. அதன் காதுக்குப் பாட்டு போய்ச் சேரவில்லை. விஷுவலைசர் அமைப்பதில் முக்கால்வாசி வேலை இந்தக் காதைச் சரிசெய்வதுதான்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது

விஎல்சி பிளேயர் இல்லாத கம்ப்யூட்டர் அரிது. அதில் ஒரு எம்பி3 கோப்பைத் திறந்து, மேலே ‘ஆடியோ’ மெனுவுக்குள் ‘விஷுவலைசேஷன்ஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். ஸ்பெக்ட்ரம், ஸ்பெக்ட்ரோமீட்டர், ஸ்கோப், வியூ மீட்டர், கூம் என்று ஒரு பட்டியல் விரியும். ‘ஸ்பெக்ட்ரம்’ எடுத்தால் பழைய மியூசிக் சிஸ்டத்தின் முகப்பில் ஏறி இறங்கிய அதே பச்சைத் தூண்கள். ‘கூம்’ எடுத்தால் திரை முழுக்கத் திரவம்போல் வண்ணங்கள். இதற்கென்று தனியாக எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸில் பழைய மீடியா பிளேயர் இருந்தால் அதிலும் இந்த வசதி உண்டு.

இந்த வழியில் ஒலி பற்றிய பிரச்சினையே எழாது. பாட்டை வாசிப்பதும் படம் வரைவதும் ஒரே மென்பொருள் என்பதால், ஒலி அதன் கையிலேயே இருக்கிறது. குறை ஒன்றுதான். கோப்பாக உங்களிடம் உள்ள பாட்டுக்கு மட்டுமே இது வேலை செய்யும். இன்று எத்தனை பேர் பாட்டைக் கோப்பாக வைத்திருக்கிறோம்?

ஸ்பாட்டிஃபை, யூடியூப் பாட்டு என்றால்?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பாட்டு ஒரு ஆப்பில் ஓடுகிறது, படம் வரைவது இன்னொரு ஆப். முதலாவதின் ஒலி இரண்டாவதுக்குப் போக வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மைக். ஸ்பீக்கரில் பாட்டு ஒலிக்கும், லேப்டாப் மைக் அதைக் கேட்கும், படம் ஆடும். செலவில்லை, அமைப்பதும் சுலபம். ஆனால் மைக்குக்குப் பாட்டு மட்டுமா கேட்கும்? மிக்ஸி சத்தம், ஃபேன் சத்தம், தெருவில் காய்கறி வண்டிக்காரரின் குரல் எல்லாம் சேர்ந்தே போகும். போதாக்குறைக்கு, மனிதக் குரலைத் தெளிவாக்க லேப்டாப்பில் வைத்திருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி, பின்னணி இசையை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். பேஸ் ஒலி வெகுவாகக் காணாமல் போகும். மைக் வழியைத் தேர்ந்தெடுத்தால் முதலில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது வழிக்கு லூப்பேக் என்று பெயர். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் போகிற வழியிலேயே பிரதி எடுத்து விஷுவலைசருக்கும் கொடுப்பது. வெளிச்சத்தம் எதுவும் கலக்காது. இயர்போன் போட்டுக் கேட்டாலும் படம் ஆடும். சரியான வழி இதுதான்.

விண்டோஸில் இது எளிது. விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உள்ளே இருக்கிறது. மில்க்டிராப் 3 போன்ற மென்பொருள்களைத் திறந்தாலே போதும், கம்ப்யூட்டரில் எந்த ஆப் பாடினாலும் அவையே அந்த ஒலியை எடுத்துக்கொள்ளும். இந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால், சவுண்ட் செட்டிங்ஸில் ‘ரெக்கார்டிங்’ பகுதிக்குப் போய், காலியிடத்தில் வலது கிளிக் செய்து, அணைத்து வைத்த சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்று ஒன்று தென்பட்டால் அதை எனேபிள் செய்து, விஷுவலைசரில் அதையே இன்புட்டாகக் கொடுத்துவிடலாம். எல்லா லேப்டாப்பிலும் இது இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீரியோ மிக்ஸை எனேபிள் செய்தபின், உங்கள் மீட்டிங் ஆப்பில் மைக்காக எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் ஸ்டீரியோ மிக்ஸாக மாறியிருந்தால், மறுநாள் காலை மீட்டிங்கில் உங்கள் குரல் யாருக்கும் கேட்காது, நீங்கள் பின்னணியில் ஓடவிட்ட குத்துப்பாட்டு எல்லோருக்கும் கேட்கும்.

மேக்கில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஒரு ஆப்பின் ஒலியை இன்னொரு ஆப்புக்கு அது லேசில் தராது. வழக்கமான வழி, பிளாக்ஹோல் என்ற இலவச மென்பொருளை நிறுவுவது. இது ஒரு கற்பனை ஸ்பீக்கர் மாதிரி. ஒரு பக்கம் ஒலியை வாங்கிக்கொண்டு மறுபக்கம் மைக்போல நடிக்கும். அடுத்து ‘ஆடியோ மிடி செட்டப்’பைத் திறந்து, கீழே உள்ள கூட்டல் குறியை அழுத்தி, ‘மல்ட்டி அவுட்புட் டிவைஸ்’ ஒன்றை உருவாக்குங்கள். அதில் உங்கள் நிஜ ஸ்பீக்கர், பிளாக்ஹோல் இரண்டையும் டிக் செய்து, சிஸ்டத்தின் அவுட்புட்டாக இந்தப் புதிய சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். விஷுவலைசரில் இன்புட் பிளாக்ஹோல். முடிந்தது. இதன் பிறகு கீபோர்டில் வால்யூம் பட்டன்கள் வேலை செய்யாது. பயந்துவிடாதீர்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை. இந்த ஏற்பாட்டின் இயல்பே அதுதான். பாட்டு ஆப்பின் உள்ளே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ‘மானிட்டர்’ என்ற இரட்டைப் பிறவி ஏற்கெனவே இருக்கும். பவுகண்ட்ரோலைத் திறந்து, ரெக்கார்டிங் பகுதியில் விஷுவலைசருக்கு அந்த மானிட்டரைக் காட்டிவிட்டால் போதும்.

ஆபீஸ் லேப்டாப்பா? எதையும் நிறுவாதீர்கள். பட்டர்சர்ன் என்ற விஷுவலைசர் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. பாட்டுக் கோப்பைக் கொடுத்தாலோ மைக்குக்கு அனுமதி தந்தாலோ ஆட ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் மைக் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது. படம் வரையும் ஒரு தளத்துக்கு உங்கள் வீட்டுப் பேச்செல்லாம் கேட்க வேண்டிய அவசியம் இல்லையே.

எல்லாம் முடிந்ததா? இப்போது சோதனை. பாட்டை பாஸ் செய்யுங்கள். தூண் வடிவ விஷுவலைசர் என்றால் தூண்கள் சட்டென்று தரையில் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சந்தேகமா? கைதட்டிப் பாருங்கள். கைதட்டலுக்குப் படம் எகிறினால் காது தப்பான இடத்தில் இருக்கிறது.

புளூடூத்தில் ஒரு விசித்திரம்

புளூடூத் இயர்போனில் கேட்டுக்கொண்டே விஷுவலைசரைப் பார்ப்பவர்களுக்கு ஏதோ இடறும். ‘டம்’ என்று அடி விழுவதற்கு முன்பே திரையில் வெளிச்சம் பளிச்சிட்டுவிடும். பாட்டு இனிமேல்தான் வரப்போகிறது என்று படம் முன்கூட்டியே சொல்வதுபோல!

காரணம் எளியது. புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, இயர்போனுக்குள் மீண்டும் விரிந்து உங்கள் காதுக்கு வர நேரமாகிறது. பல இயர்போன்களில் இது விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். லூப்பேக்கோ ஒலி புறப்படும் இடத்திலேயே பிரதி எடுத்துவிடுகிறது. அதனால் படம் முந்துகிறது. வீடியோ பார்க்கும்போது இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு ஆப்களே படத்தைச் சற்று நிறுத்திவைக்கும். விஷுவலைசர்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. ஒயர் இயர்போன் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. புளூடூத் ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால், இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் மைக் வழியே மேல். காற்றில் வந்து சேர்ந்த ஒலியைத்தானே அது கேட்கிறது.

ஒரு நொடியில் 44,100 அளவுகள்

சரி, வாங்கிய ஒலியை மென்பொருள் என்ன செய்கிறது?

சிடி தரத்தில் உள்ள பாட்டு என்பது ஒரு நொடிக்கு 44,100 எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணத்தில் ஒலி அலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று சொல்லும். இதை அப்படியே கோடாக வரைந்தால் அலை வடிவம் கிடைக்கும். விஎல்சி-யின் ‘ஸ்கோப்’ காட்டுவது அதைத்தான். பார்க்க அழகு, ஆனால் அதில் புல்லாங்குழல் எங்கே, பேஸ் கிட்டார் எங்கே என்று பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு உதவுவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே வகுத்த கணக்கு. சாம்பாரை நாக்கில் வைத்ததும் புளி தூக்கல், உப்பு கம்மி, காரம் சரி என்று சொல்கிறோம் இல்லையா, அதுபோல. கலந்து வந்த ஒலியில் 100 ஹெர்ட்ஸ் எவ்வளவு, 1,000 ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லும். 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் இதைக் கம்ப்யூட்டர் வேகமாகச் செய்வதற்கான முறையை வெளியிட்டார்கள். இன்று உங்கள் லேப்டாப் ஒரு நொடிக்கு 60 தடவை இதைச் செய்துகொண்டே மெயிலும் இறக்கும்.

இதில் ஒரு பேரம் இருக்கிறது. விஷுவலைசரை வெறும் அலங்காரமாகப் பார்க்காமல் இசையை அறிய விரும்புகிறவர்களுக்கு இது முக்கியம். பொதுவாக 2,048 எண்களை ஒரு கொத்தாக எடுத்துக் கணக்கிடுவார்கள். அது சுமார் 46 மில்லிவிநாடி ஒலி. அந்தக் கொத்திலிருந்து அதிர்வெண்களை ஏறத்தாழ 21.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் பிரிக்க முடியும். சினிமாப் பாட்டின் பீட்டுக்கு இது தாராளம். ஆனால் ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அடுத்த சுத்த ரிஷபம் சுமார் 139. நடுவே வெறும் 8 ஹெர்ட்ஸ்! தூண் விஷுவலைசரின் அடிப்பகுதியில் இந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் தனித்தனித் தூண் கிடையாது.

கொத்தைப் பெரிதாக்கினால்? 16,384 எண்கள் எடுத்தால் 2.7 ஹெர்ட்ஸ் வரை பிரிக்கலாம். ஆனால் அந்தக் கொத்து மூன்றில் ஒரு விநாடிக்கும் அதிகமான நீளம். அதற்குள் மிருதங்கக்காரர் நாலைந்து சொற்கள் வாசித்துவிடுவார்; எல்லாம் ஒன்றாகக் குழைந்துபோகும். ஸ்வரம் துல்லியமாக வேண்டுமென்றால் தாளம் மங்கும், தாளம் துல்லியமாக வேண்டுமென்றால் ஸ்வரம் மங்கும். எந்த மென்பொருளாலும் இதிலிருந்து தப்ப முடியாது. செட்டிங்ஸில் ‘எஃப்எஃப்டி சைஸ்’ அல்லது ‘விண்டோ சைஸ்’ என்று பார்த்தால் அது இந்தப் பேரத்துக்கான திருகாணிதான்.

மில்க்டிராப்: பார்ட்டிக்குப் பிறந்தது

2000களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அண்ணன் அக்காக்களைக் கேட்டால் வின்ஆம்ப் பற்றிச் சொல்வார்கள். 1997இல் வந்த அந்தப் பிளேயரோடு 2001இல் சேர்ந்ததுதான் ரயன் கைஸ் எழுதிய மில்க்டிராப். வின்ஆம்ப் கை மாறி, நிறுத்தப்படும் நிலைக்குப் போய், மறுபடி விற்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்து, அடுத்த மாதமே திரும்ப எடுத்துக்கொண்ட கூத்தும் நடந்தது. மில்க்டிராப் மட்டும் பிழைத்தது. காரணம், 2005லேயே அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். மேக், லினக்ஸ் உட்பட எல்லாவற்றிலும் ஓடும் புரோஜெக்ட்எம், பிரவுசரில் ஓடும் பட்டர்சர்ன், விண்டோஸுக்கான மில்க்டிராப் 3 மூன்றும் அந்த வம்சம்தான்.

இதன் உயிர் ப்ரீசெட்களில் இருக்கிறது. ஒவ்வொரு ப்ரீசெட்டும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, படம் எப்படி அசைய வேண்டும் என்ற சமன்பாடுகள். உலகம் முழுக்க ரசிகர்கள் எழுதிக் குவித்ததில் பொறுக்கி எடுத்த ‘க்ரீம் ஆஃப் த க்ராப்’ என்ற தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. மில்க்டிராப்பில் ஸ்பேஸ் பார் அழுத்தினால் அடுத்த ப்ரீசெட் மெதுவாகக் கரைந்து வரும். ‘ஹெச்’ அழுத்தினால் சட்டென்று மாறும். பேக்ஸ்பேஸ் முந்தையதற்குத் திரும்பும். ‘எல்’ பட்டியலைத் திறக்கும். பிடித்த ஒன்று வந்துவிட்டால் ஸ்க்ரோல் லாக், அது அப்படியே நிற்கும். புரோஜெக்ட்எம்மில் பட்டன்கள் வேறு, அதன் உதவிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னே சொன்ன பாஸ் சோதனையை மில்க்டிராப்பில் செய்தால் ஏமாந்துபோவீர்கள். பாட்டை நிறுத்தினாலும் படம் சுழன்றுகொண்டே இருக்கும். பல ப்ரீசெட்களில் அசைவின் ஒரு பகுதி ஓடும் நேரத்தைப் பொறுத்தது, ஒலியைப் பொறுத்தது அல்ல. அதாவது, பாதி பாட்டுக்கு ஆடுகிறது, பாதி அதுபாட்டுக்கு. எனவே இங்கே சோதனையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி பிளே செய்யும்போது திரையில் ஒரு துடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வேறு ப்ரீசெட்டுக்குப் போங்கள்; நாலைந்திலும் இதே கதை என்றால் ஒலி இணைப்பைப் பாருங்கள்.

இன்னொரு சூட்சுமம். பேஸ், நடு, உச்சம் என்று மூன்று எண்களைத்தான் பெரும்பாலான ப்ரீசெட்கள் கேட்கின்றன. இந்த எண்கள் நிஜ சத்த அளவு அல்ல, ‘சற்றுமுன் இருந்ததை ஒப்பிட்டால் இப்போது எவ்வளவு’ என்பது. சராசரி 1. அதைவிடச் சத்தம் கூடினால் 1.3க்கு மேல், அடங்கினால் 0.7க்குக் கீழ். இதனால் சின்ன சத்தத்தில் கேட்டாலும் படம் ஆடும், நல்லதுதான். ஆனால் ஒரே மாதிரி ஓங்கி ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டுக்கும் மெதுவாக ஒலிக்கும் பாட்டுக்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது. திடீர் மாற்றம் மட்டுமே தெரியும். கிக் டிரம் அடிக்கடி வந்து மோதும் நடன இசையை நினைத்து எழுதியது இது. பறைக்கும் தவிலுக்கும் பிரமாதமாக ஆடும். நாகஸ்வர ஆலாபனையை ஓடவிட்டுப் பாருங்கள், தூங்கிவிடும். அதில் அடி எதுவும் இல்லை, இழையும் சுரங்கள்தான். அதைக் காட்ட மில்க்டிராப்பால் முடியாது என்பது என் அபிப்பிராயம். அதற்கு வேறு கருவி இருக்கிறது.

ராமன் மணலில் பார்த்ததை நீங்கள் திரையில் பார்க்கலாம்

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் இலவசமானது. மூன்று சிஸ்டங்களிலும் ஓடும். இசை ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. ஒரு பாட்டைத் திறந்து, ‘பேன்’ மெனுவில் ‘மெலோடிக் ரேஞ்ச் ஸ்பெக்ட்ரோகிராம்’ என்பதைச் சேருங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், ஒலி பலமாக உள்ள இடத்தில் நிறம் தூக்கலாக இருக்கும். நடனம் கிடையாது, ஒரு வரைபடம்தான். முதல் பார்வையில் சப்பென்று இருக்கும்.

தம்புரா ஒலியைப் போடுங்கள். ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைக்கோடுகள் நிற்கும். 131 ஹெர்ட்ஸில் ஸட்ஜம் என்றால் 262, 393, 524 என்று அதன் மடங்குகளில் எல்லாம் கோடு. பாடுபவர் கமகம் பிடிக்கும்போது கோடுகள் நிமிர்ந்து நெளிவதைப் பார்க்கலாம். ‘ரிஷபத்தை அசைத்துப் பாடு’ என்று பாட்டு டீச்சர் சொல்வது எதை என்று கண்ணாலேயே தெரியும். பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள் தங்கள் பதிவையும் குருவின் பதிவையும் இப்படி அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஒரு குறிப்பு: கீழ்க்கோட்டில் ஸ்வர வித்தியாசம் குறுகலாகத் தெரிந்தால் மேல் மடங்குகளைப் பாருங்கள். எட்டாவது மடங்கில் ஸட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையே 60 ஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி விழுந்துவிடும்.

அடுத்து மிருதங்கம். தனியாவர்த்தனம் ஒன்றை எடுத்து, வலந்தலையில் கணீரென்று ஒலிக்கும் அடியில் நிறுத்திப் பெரிதாக்குங்கள். அங்கேயும் சீரான ஏணிப்படிகள் தெரியும். தோல் கருவிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பூச்சு எதுவும் இல்லாத வட்டத் தோலை அடித்தால், அதன் மேல் ஒலிகள் அடிப்படை ஒலியின் 1.59, 2.14, 2.30 மடங்குகள் என்று ஒழுங்கில்லாமல்தான் வரும். அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளில் சுருதி தெளிவாகப் பிடிபடாது. மிருதங்கத்தின் நடுவில் அப்பும் கறுப்புக் கரணை தோலின் எடையை மாற்றி, அந்த மடங்குகளை முழு எண்களுக்கு இழுத்துவருகிறது. இதை முதலில் அறிவியல்பூர்வமாகச் சொன்னவர் சி.வி.ராமன். 1920இல் ஒரு சக ஆய்வாளருடன் நேச்சர் இதழில் எழுதினார். 1934இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, அதிரும்போது மணல் எந்தக் கோடுகளில் போய்ச் சேர்கிறது என்று பார்த்துத்தான் அதிர்வு முறைகளைக் கண்டார். நம் மேசை மேல் உள்ள இலவச மென்பொருள் அந்த முடிவை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

பறையை வைத்துப் பார்த்தால் படம் முற்றிலும் வேறு. ஏணி இருக்காது. அடி விழுந்த கணத்தில் கீழிருந்து மேல்வரை சுவர்போல எழும் ஒரு பட்டை. எல்லா அதிர்வெண்ணும் ஒரே நேரத்தில். ஊர் தாண்டிக் கேட்கும் அந்த வெட்டு ஒலியின் முகம் அதுதான். மில்க்டிராப்புக்குப் பறை ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

இதே வரைபடத்தில் ஒரு துப்பறியும் வேலையும் செய்யலாம். ‘320 கேபிபிஎஸ்’ என்று பெயர் போட்டுக் கிடைக்கும் பாட்டுகளில் சில, 128இல் சுருக்கியதை மறுபடி 320ஆகச் சேமித்தவை. சாதாரண ஸ்பெக்ட்ரோகிராம் வைத்துப் பார்த்தால், அப்படிப்பட்ட கோப்பில் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல இருட்டாக இருக்கும். தொலைந்த ஒலி பெயரை மாற்றினால் திரும்பி வராது. இசைத்தட்டுக் காலத்துப் பழைய பதிவுகளை மட்டும் இந்த அளவுகோலால் சந்தேகப்படாதீர்கள். அவற்றில் உச்ச ஒலி முதலிலேயே குறைவு.

மின்னும் திரை, அருகில் யார்?

விஷுவலைசரைப் பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடுவது இது. பிறந்தநாள் விழாவுக்கு ஹாலில் லைட்டை அணைத்துவிட்டு, ப்ரொஜெக்டரில் மில்க்டிராப்பை ஓடவிட்டு, குழந்தைகளை ஆடவிடுவது நல்ல யோசனைபோலத் தோன்றும். சில ப்ரீசெட்கள் பீட்டுக்குப் பீட் திரை முழுவதையும் வெள்ளையும் கறுப்புமாக மாற்றுகின்றன. ஒளி மின்னலால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் குறைவுதான். ஆனால் அந்தத் தன்மை குழந்தைகள், பதின்ம வயதினரிடம் அதிகம். முதல்முறை வரும்வரை தனக்கு அது இருப்பதே ஒருவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய ஒரு காட்சி ஒளிபரப்பானது. 600க்கும் மேற்பட்ட குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. காட்சி நீடித்தது சில விநாடிகள்தான். இணையதளங்களுக்கான சர்வதேச அணுகல் விதிமுறை, எந்த ஒரு விநாடியிலும் மூன்று தடவைக்கு மேல் திரை மின்னக் கூடாது என்கிறது. அந்த வரம்பை விஷுவலைசரிடம் எதிர்பார்க்க முடியாது. வேகமான பாட்டின் தாளமே அதைத் தாண்டிப் போகலாம்.

அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. விருந்தாளிகள் வருவதற்கு முன் ப்ரீசெட்களை நீங்களே ஓட்டிப் பார்த்து, மின்னாதவற்றை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு அதையே ஓடவிடுங்கள். 10,000 ப்ரீசெட்டும் தானாக மாறிக்கொண்டே இருக்கும்படி விடாதீர்கள். சத்தம் கூடும்போது ப்ரீசெட்டைச் சட்டென்று மாற்றும் ‘ஹார்ட் கட்’ வசதியை அணைத்துவிடுங்கள். அறை லைட் ஒன்றாவது எரியட்டும். இருட்டில் மின்னல் இன்னும் கடுமையாக இருக்கும். குழந்தைகள் திரைக்கு ஒட்டி நிற்க வேண்டாம். யாருக்காவது தலைசுற்றல், பார்வை கூசுவது என்று ஆரம்பித்தால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு திரும்பிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கண்களையும் வெறுமனே மூடுவது போதாது, இமை வழியாகவும் ஒளி புகும். யாருக்காவது வலிப்பு நோய் உண்டு என்று தெரிந்தால், அன்றைக்குத் தூண் விஷுவலைசரே போதும்.

சூடு, டவுன்லோடு, டிவி

மில்க்டிராப் வகை மென்பொருள்கள் கிராஃபிக்ஸ் சிப்பை நன்றாக வேலை வாங்கும். லேப்டாப்பின் ஃபேன் பாட்டைவிடச் சத்தமாக ஓடினால் ரெசல்யூஷனைக் குறையுங்கள், ஃபிரேம் ரேட்டை 60இலிருந்து 30 ஆக்குங்கள். பேட்டரியில் ஓட்டாதீர்கள். கட்டில் மெத்தைமேல் வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள், கீழே உள்ள காற்றுத் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

‘வின்ஆம்ப் பழைய வெர்ஷன்’ என்று தேடினால் வரும் முகம் தெரியாத தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் அதிகாரபூர்வ பக்கமோ கிட்ஹப் பக்கமோ இருக்கிறது. ப்ரீசெட் என்ற பெயரில் வருவது எழுத்துக் கோப்பாகத்தான் இருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ‘எக்ஸ்இ’ கோப்பாக வந்தால் அது ப்ரீசெட் அல்ல.

டிவியில் பார்க்க ஹெச்டிஎம்ஐ கேபிள் போதும். வயர்லெஸ்ஸாக அனுப்பினால் படம் தாமதமாகும், அடி ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று போகும். கேபிளில் இணைத்தும் படம் பின்தங்குவதுபோல் தெரிந்தால், டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிக்சர் செட்டிங்ஸில் ‘கேம் மோடு’ போடுங்கள், சரியாகிவிடும்.